இளஞ்சிவப்பாகத் தெரிவது 10 கோடி டிகிரி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சீனாவின் ஈஸ்ட் டோகாமாக் (காந்தப்புலத்தால் பிளாஸ்மாவை அடைத்துவைக்கும் அணுக்கரு இணைவுக் கருவி) 2025 ஜனவரியில் 1,066 விநாடி பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரான்கள் அணுக்களை விட்டுப் பிரிந்துபோன சூடான வாயுவை, பிடித்துவைத்ததிலிருந்து 'செயற்கைச் சூரியன்' செய்தி நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒளிரும் ஒரு படத்தைப் போட்டு, கீழே '10 கோடி டிகிரியில் தகிக்கும் பிளாஸ்மா' என்று எழுதிவிடுகிறீர்கள். அந்தச் சூடு இருப்பது படத்தில் ஒன்றுமே இல்லாதது போலத் தெரிகிற நடுப்பகுதியில்.

ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு இறங்கும்போதுதான் 656 நானோமீட்டர் சிவப்பு ஒளி வரும் (பிளஸ் டூவில் படித்த பாமர் வரிசைதான்). அத்தனை சூட்டில் அணுவிடம் எலக்ட்ரானே ஒட்டியிருக்காது, அப்புறம் எது இறங்கும்? நடுவிலிருந்து வருவது பெரும்பாலும் எக்ஸ் கதிர், அது கண்ணுக்குத் தெரியாது. சிவப்பாகத் தெரிவது ஒப்பீட்டளவில் ஆறிப்போன விளிம்பு. சுவரில் மோதித் திரும்பும் அணுக்கள் எலக்ட்ரானை முழுதாக இழப்பதற்கு முன் அங்கே ஒளிர்கின்றன. முழுச் சூரிய கிரகணத்தின்போது நிலவின் ஓரத்தில் தெரியும் செந்நிறமும் இதே ஒளிதான்.

குறை சொல்வதற்காக மட்டும் எழுதவில்லை. அந்த ஆறிப்போன ஒளிதான் இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது, அது உங்கள் செய்திகளில் வருவதே இல்லை. 1982இல் ஜெர்மனியின் கார்ஷிங்கில் ஆஸ்டெக்ஸ் என்ற டோகாமாக்கில் ஃபிரிட்ஸ் வாக்னர் குழுவினர் வெப்பமூட்டும் திறனைக் கூட்டிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்தில் டியூட்டிரியம் என்ற கன ஹைட்ரஜனின் நிறமாலையில் அந்தச் சிவப்புக் கோடு திடீரென்று மங்கியது. சூடு ஏற்றினால் ஒளி கூடத்தானே வேண்டும்? சுவரிலிருந்து திரும்பி வரும் அணுக்கள் குறைந்துவிட்டன, அதாவது பிளாஸ்மாவிலிருந்து வெளியே கசிவது குறைந்துவிட்டது, அதனால்தான் மங்கல். வெப்பம் உள்ளே தங்கும் நேரம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. 'எச் மோடு' என்கிற அந்த நிலையை நம்பித்தான் பிரான்ஸில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் இட்டர் இணைவு உலையையே வடிவமைத்திருக்கிறார்கள். இன்றும் பிளாஸ்மா அந்த நிலைக்குப் போய்விட்டதா என்று பார்க்க இந்தக் கோட்டின் வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள். அதன்பின் அதில் முள் முள்ளாக எழும்பினால் விளிம்பு அவ்வப்போது வெடித்துச் சிதறுகிறது என்று பொருள்.

எரிபொருள் கலவையில் எந்த வகை ஹைட்ரஜன் எவ்வளவு என்பதையும் இதே ஒளியில் பார்க்கலாம். சாதாரண ஹைட்ரஜனின் கோடு 656.28இல், டியூட்டிரியத்தினுடையது 656.10இல், அதைவிடக் கனமான டிரிட்டியத்தினுடையது 656.04 நானோமீட்டரில். கடைசி இரண்டுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு, போதாததற்குக் காந்தப்புலம் ஒவ்வொரு கோட்டையும் பிளந்துவிடும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் கோடுகளைப் பிரித்தெடுப்பது லேசான வேலை இல்லை.

சரி, ஒளிராத நடுப்பகுதியின் 10 கோடி டிகிரியை எப்படி அளந்தார்கள்? வழிகள் சில உண்டு. வேகமான ஹைட்ரஜன் அணுக்களை உள்ளே பாய்ச்சுவது ஒன்று. அவை தம் எலக்ட்ரானை அங்கே சிறிதளவு கலந்திருக்கும் கார்பன் அயனிகளுக்குக் கொடுக்க, அந்த அயனிகள் ஒளிர்கின்றன. அந்தக் கோடு எவ்வளவு அகன்றிருக்கிறதோ அவ்வளவு சூடு, எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ அவ்வளவு சுழற்சி வேகம்.

காந்திநகரில் 1989 முதல் ஆதித்யா டோகாமாக் இருக்கிறது (விண்கலம் வேறு, இது வேறு, தயவுசெய்து குழப்பிவிடாதீர்கள்). அங்கேயும் இந்தச் சிவப்புக் கோட்டை அளக்கிறார்கள், ஒரு நிருபரை அனுப்பிக் கேட்டு எழுதலாமே. அதுவரை அந்தப் படத்துக்குக் கீழே 'பிளாஸ்மாவின் குளிர்ந்த விளிம்பு' என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு), திருநெல்வேலி