துருத்தி தருகிறோம், இரண்டு பெயர் எழுதுங்கள்

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பர்கூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எழுபது வருடம் கொல்லுப்பட்டறை நடத்திய ஆசாரியின் மூத்த மகள் எழுதுகிறேன். போன தை மாதம் அப்பா காலமானார். வயது 91. உலைக்குக் காற்று ஊதும் அவருடைய தோல் துருத்தி வீட்டுப் பரணில் இருக்கிறது. அதை உங்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று தம்பியும் தங்கைகளும் நானும் பேசி முடித்துவிட்டோம். கொடுப்பதற்கு முன் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. பரணில் இப்படி ஏதாவது கிடக்கிற வீடு இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கும், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

தாத்தாவிடம் தொழில் பழகியவர் அப்பா. ஏர்க் கொழுவுக்கும் களைக்கொட்டுக்கும் அறுவடை முடிந்த பிறகு களத்தில் ராகியாக அளந்து போடுவதுதான் அந்தக் காலத்துக் கூலி. ஐம்பதுகளில் கிருஷ்ணகிரி அணை கட்டியபோது, கல் உடைக்கிறவர்களின் உளிக்கு முனை அடித்துத்தரப் போனார். அங்கேதான் முதன்முதலாகக் கையில் காசு பார்த்தார். அப்புறம் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடும் காலம். அதற்கும் அப்புறம் லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிக்கும் காலம். நெடுஞ்சாலை ஊர், பட்டைக்கா பஞ்சம்?

பட்டறைக்கு ஏன் ஜன்னல் வைக்கவில்லை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். வெளிச்சம் இருந்தால் இரும்பின் நிறம் தெரியாது. நிறம் தெரியாவிட்டால் தோய்ச்சல் இல்லை, அதாவது காய்ந்த இரும்பைத் தண்ணீரில் தோய்த்து உறுதியேற்றுவது நடக்காது. கல் உளிக்கு அப்பா தோய்ச்சல் போடுவதைச் சொல்கிறேன். பழுக்கக் காய்ந்த உளியின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுப்பார். கல்லில் ஒரு தேய்ப்பு. நுனி பளபளவென்று ஆகும். மேலே மிச்சமிருக்கும் சூடு மெல்ல அந்த இடத்துக்கு இறங்கும், இறங்க இறங்க நிறம் மாறும். முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் கத்தரிப்பூ, அப்புறம் மயில்கழுத்து. கத்தரிப்பூ எட்டிப்பார்க்கிற நேரத்தில் உளியை முழுசாகத் தண்ணீரில் இறக்கிவிடுவார். முந்தினால் முனை தெறிக்கும், பிந்தினால் மழுங்கும். அந்த நேரத்தில் யாராவது பேசினால் சுள்ளென்று விழுவார். மற்றபடி கோபக்காரர் இல்லை.

எங்கள் மூன்று பேருக்கும் கல்யாணச் சீரில் அவர் கையால் அடித்த அரிவாள்மணை வந்தது. என்னுடையதில்தான் இன்னும் காய் நறுக்குகிறேன். வருடத்துக்கு ஒரு தடவை மாப்பிள்ளையைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வருவார். காபி ஆறுவதற்குள் அரிவாள்மணையைத் திண்ணைக்கு எடுத்துப் போய் அரம் போட்டுக்கொண்டிருப்பார்.

துருத்திக்கு வருகிறேன். அதை இழுத்தது அப்பா இல்லை, அம்மா. நாங்கள் நாலு பேர் பிறந்த சமயங்களைத் தவிர மற்ற நாளெல்லாம் விடிந்தால் துருத்திக் கயிறு அம்மா கையில்தான் இருக்கும். காற்று சீராக வராவிட்டால் இரும்பு ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் பச்சையாக நிற்கும். அப்பாவின் முகத்தைப் பார்த்தே எப்போது கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்று அம்மாவுக்குத் தெரியும். ஊரில் அப்பாவுக்கு ஆசாரி என்று பேர். அம்மாவுக்கு ஆசாரி வீட்டம்மா என்றுதான் பேர்.

மின்சார ஊதி வந்த பிறகு துருத்தி பரணுக்குப் போனது. ஆனாலும் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அப்பா அதை இறக்கி, தோலுக்கு விளக்கெண்ணெய் தடவி, பொட்டு வைத்து மறுபடி ஏற்றுவார். அம்மா போன பிறகும் அது நிற்கவில்லை.

2022 மே மாதம் மயிலாடும்பாறை செய்தி வந்தபோது அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். நம் பர்கூர் பக்கத்தில் தோண்டிய இடத்தில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று சட்டமன்றத்திலேயே அறிவித்திருந்தார்கள். நாலாயிரத்து இருநூறு வருஷம், அப்பவே நம்ம ஊருல இரும்பு இருந்திருக்கு அப்பா என்று நான் பெருமையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப துருத்திய யாரு இழுத்தாங்களாம்?"

அதனால்தான் இந்தக் கடிதம். 'கொல்லர் துருத்தி, தோல், 20-ஆம் நூற்றாண்டு' என்று மட்டும் எழுதி அதை மூலையில் வைத்துவிடாதீர்கள். அப்பா பேரும் அம்மா பேரும், யார் என்ன வேலை செய்தார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். தனித்தாளில் எழுதித் தருகிறோம். மயிலாடும்பாறைக்காரர்களுக்கு அதைச் செய்ய வழியில்லை, இவர்களுக்கு இருக்கிறது.

இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை கிடைக்காது, மன்னிக்கவும். பழைய இரும்புக்காரர் ஒருவர் எடை போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று இரண்டு தடவை வந்தார். வெல்டிங் கடை வைத்திருக்கும் தம்பி இன்னமும் அதில்தான் தட்டுகிறான்.

இன்னொன்று. அப்பாவுக்கு முப்பது வருடம் சம்மட்டி அடித்தவர் நல்ல சுகத்தோடு இருக்கிறார். அந்தக் கத்தரிப்பூ நிறம் இப்போது அவர் கண்ணில் மட்டும்தான் இருக்கிறது. துருத்தியை எடுக்க வரும்போது கேமராவோடு ஓர் ஆளை அனுப்புங்கள். தம்பி உலை மூட்டித் தருவான், அவர் ஓர் உளிக்குத் தோய்ச்சல் போட்டுக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு அரிவாள் விற்கப் போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போய்விடுவார்.

இப்படிக்கு,
ஆசாரியின் மகள்,
ஆசாரி வீட்டம்மாவின் மகளும்தான்.