பத்துக் கிலோமீற்றர் ஓடி முடித்த தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

உம்முடைய செய்தி கிடைத்தது. பத்துக் கிலோமீற்றர் ஓட்டத்தை முடித்துப் பதக்கமும் வாங்கிக்கொண்டு வந்த பிறகு, சப்பாத்தைத் தொடவே மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர். விடிய அலாரம் அடிக்கிறது, முழிப்பும் வருகிறது, ஆனால் "இனி எதுக்கு?" என்று தோன்றித் திரும்பவும் படுத்துவிடுகிறேன் என்றும் எழுதியிருந்தீர். கடைசியில், "எனக்கு ஓட்டத்தில உண்மையான விருப்பம் இல்லைப் போல, அக்கா" என்று ஒரு வரி. அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமான கடிதம்.

இத்தனை மாதமும் ஒவ்வொரு விடியற்காலையும் உம்மை எழுப்பியது அந்தப் போட்டி நாள். அந்த நாள் போய்விட்டது, அதற்குப் பிறகு வேறு எதையும் நீர் வைத்திருக்கவில்லை. மரதன் ஓடுகிறவர்களுக்கும் இதே வெறுமை வருவதுண்டு. ஓர் இலக்கு முடிவதற்கு முன்னமே அடுத்த இலக்கை யோசித்து வைப்பவர்களுக்கு அது கெதியாகக் கடந்துபோகும்.

"ஏலுமானதைச் செய்வம்" என்று வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர். அது போதாது. எட்வின் லொக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968இல் எழுதிய கட்டுரையிலிருந்து இன்று வரை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருப்பது இதுதான்: "முடிந்தளவு செய்" என்று சொல்லப்பட்டவர்களைவிட, தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் கூடச் செய்கிறார்கள். ஓட்டத்திலும் இதைக் கண்ணால் காணலாம். ஏறக்குறைய ஒரு கோடி மரதன் முடிவு நேரங்களை எடுத்துப் பார்த்த பொருளியல் ஆய்வொன்று 2017இல் அச்சில் வந்தது. மூன்று மணி, மூன்றரை மணி, நாலு மணி என்ற முழு நேரங்களுக்குச் சற்று முன்னால் ஓடி முடித்தவர்கள் குவிந்திருந்தார்கள். அந்த நேரங்களைத் தாண்டியதும் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. நாலு மணிக்குள் முடித்தால் யாரும் காசு தரப்போவதில்லை. ஆனாலும் கால் ஓய்ந்த கடைசிக் கிலோமீற்றர்களில் அந்த இலக்கம் ஒரு மனிதரை இழுத்துக்கொண்டு போகிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆகவே ஒரு மணித்தியாலத்துக்குள் பத்துக் கிலோமீற்றர் என்ற உம்முடைய ஆசையை விட்டுவிடாதையும். ஆனால் அதை ஒரே பாய்ச்சலாகவும் வைக்க வேண்டாம். நீர் முடித்தது ஒரு மணி பத்து நிமிடத்தில், அதாவது ஒரு கிலோமீற்றருக்கு ஏழு நிமிடம். ஒரு மணித்தியாலம் என்றால் ஆறு நிமிடம். ஒவ்வொரு கிலோமீற்றரிலும் ஒரு நிமிடம் குறைப்பது லேசான காரியம் இல்லை. மூன்று படியாக வையும்: நடக்காமல் முழுத் தூரமும் ஓடுவது, ஒரு மணி ஐந்து நிமிடம், பிறகு ஒரு மணித்தியாலம். நித்திரை குறைந்த நாளிலோ வயிறு சரியில்லாத நாளிலோ முதல் படி கையில் இருக்கும். அதையும் இலக்காக மதிக்கப் பழகும்.

நேரத்தை மட்டும் நம்பியிருக்க முடியாத இன்னொரு காரணம் எங்கள் யாழ்ப்பாணத்துக் காற்று. பண்ணைக் கடற்கரையில் தொடங்கி, கடலுக்கு நடுவே போகிற வீதியால் மண்டைதீவுச் சந்தி மட்டும் போய்த் திரும்புகிறீர் என்று வைப்போம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பி வரும்போது முதுகில் தள்ளும். மார்கழியில் வடகிழக்கிலிருந்து வாடை வீசினால் எல்லாம் தலைகீழ்: போகும்போது சுகம், களைத்து வரும்போது எதிர்க்காற்று. இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மதில்கூட இல்லை. போன மாத நேரத்தையும் இந்த மாத நேரத்தையும் பக்கத்தில் வைத்து "நான் பின்னுக்குப் போயிட்டன்" என்று கவலைப்படுவது உமக்கு நீரே செய்கிற அநியாயம். அந்தப் பாதையில் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சைக் கவனியும். ஒரு முழு வசனத்தைத் திக்காமல் கதைக்க முடிந்தால் அது இலகு ஓட்டம். வாரத்து ஓட்டங்களில் பெரும் பகுதி அப்படித்தான் இருக்க வேண்டும். வேகமெல்லாம் அந்த மெதுவான ஓட்டங்களின் மேல்தான் கட்டப்படுகிறது.

முடிவு எங்கள் கையில் முழுதாக இல்லை, அன்றன்று செய்வது இருக்கிறது. அதனால் நேர இலக்கின் கீழே செயலிலக்கு ஒன்று வேண்டும். "வாரம் மூன்று நாள்" என்று எழுதினாலும் போதாது. "செவ்வாய், வியாழன் விடிய ஐந்தரைக்கு, வீட்டு ஒழுங்கையால் இறங்கி, அரை மணித்தியாலம்" என்று எழுதும். எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவெடுத்தவர்கள் சொன்னதைச் செய்வது கூடுதல் என்று பீற்றர் கொல்விற்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் எழுதியிருக்கிறார். மழை பெய்தால் என்ன, இரவு நேரஞ்சென்று படுத்தால் என்ன என்பதற்கும் அதிலேயே பதில் எழுதி வையும். விடியற்புறம் படுக்கையில் கிடந்துகொண்டு முடிவெடுக்கப் போனால், படுக்கைதான் வெல்லும்.

இனி மாதங்களைப் பார்ப்போம். இப்போது ஆவணி முடியப்போகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் மழை: ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும், கிடங்கு எது ரோட்டு எது என்று தெரியாது. அந்த நாட்களுக்குத் தூர இலக்கு வேண்டாம். வாரத்தில் மூன்று முறை, மழை விட்ட இடைவெளியில் இருபது நிமிடம். ஓட முடியாவிட்டால் வீட்டுப் படியில் ஏறி இறங்கிக் காலைப் பலப்படுத்தும். தையும் மாசியும்தான் எங்களுக்குக் கிடைத்த நல்ல காலம், விடியற்புறம் குளிர்ச்சியாக இருக்கும். ஒரு மணித்தியாலக் கனவை மாசிக்கு வையும்.

மாசிக்குப் பிறகு என்ன என்பதையும் இப்பவே எழுதும். இன்றைய வெறுமை பங்குனியில் திரும்பவும் வரக்கூடாது. பிறகு சித்திரை வெயில் வரும், அதில் நேரத்தைத் துரத்தக்கூடாது. என் யோசனை ஒன்று: கோண்டாவிலில் உம்முடைய வாசலில் தொடங்கி, காங்கேசன்துறை வீதியால் இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை தாண்டிக் கீரிமலை வரை ஓடி, அப்படியே பெண்கள் கேணியில் இறங்குவது. மணிக்கூடு வேண்டாம். வேண்டுமென்றால் இடையில் நின்று இளநீர் குடிக்கலாம். திரும்பி வர பஸ் இருக்கிறது. நல்லூர்க் கந்தசாமி கோயிலில் திருவிழாக் கொடியேறினால் அந்த 25 நாளும் விரதக்காரர் வீட்டில் சமையலும் நித்திரையும் மாறிவிடும். அப்போது ஓட்டத்தைப் பாதியாகக் குறையும். பழக்கம் அறுந்துபோகாமல் இருந்தால் சரி.

ஒவ்வொரு நாளும் தவறாமல் ஓடுவதை இலக்காக வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர். 1970இல் பொஸ்ரன் மரதனில் வென்ற ரொன் ஹில் என்ற ஆங்கிலேயர், 1964 டிசம்பரிலிருந்து 2017 ஜனவரி வரை ஒரு நாளும் விடாமல் குறைந்தது ஒரு மைல் ஓடினார். நெஞ்சு நோகத் தொடங்கிய பிறகுதான் நிறுத்தினார். அவருடைய உறுதியை மனதார மதிக்கிறேன். ஆனால் உமக்கு அதைச் சொல்லமாட்டேன். கணுக்காலுக்கு மேலே எலும்போரமாக நோகிறது என்று எழுதியவர் நீர். ஓய்வெடுக்க இடம் தராத இலக்கு அந்த நோவை வளர்த்து, உம்மை மாதக்கணக்கில் இருத்திவிடும். அந்த நோ அடங்கும் மட்டும் வேக ஓட்டம் வேண்டாம், அடங்காவிட்டால் வைத்தியரிடம் காட்டும்.

சனம் பார்க்கிறதைப் பற்றியும் எழுதியிருந்தீர். பொம்பிளைப் பிள்ளை ரோட்டில் ஓடினால் "எங்க பிள்ளை ஓடுறாய்?" என்று கேட்கிற சந்திகள் இன்னும் இருக்கின்றன. பின்னால் சைக்கிளை மெதுவாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இதை நீர் தனியாகத் தாங்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் ஓடுகிற பெண் ஒருத்தியைச் சேர்த்துக்கொள்வதையே இந்த வருட இலக்குகளில் ஒன்றாக எழுதலாம். இரண்டு பேர் ஓடினால் கேள்வி குறையும், அலாரத்தை நிறுத்திவிட்டுப் படுப்பதும் குறையும். உம்முடைய அலுவலகத்தில் ஒருவருக்கு விருப்பம் என்று முன்பு சொன்ன ஞாபகம். அவரைக் கேட்டுப் பாரும்.

வருகிற ஞாயிறு விடிய ஐந்தே முக்காலுக்குப் பண்ணையில் நிற்பேன். அவரையும் கூட்டிக்கொண்டு வாரும். மண்டைதீவுச் சந்தி மட்டும் கதைத்துக் கதைத்து ஓடித் திரும்புவோம், கால் நொந்தால் நடப்போம். வரும்போது மாசி இலக்கின் மூன்று படியையும், செவ்வாய், வியாழன் ஓட்டத் திட்டத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாரும். ஓடி முடிய இருந்து சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா