எடைக்கு வந்த புத்தகங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவேரிப்பட்டணத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறேன். உங்கள் நாளிதழின் புத்தகப் பக்கத்தை வாராவாரம் கத்தரித்துச் சேர்த்து வருகிறேன். அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன மே மாதம், பரீட்சை முடிந்து கைடும் நோட்டும் மூட்டை மூட்டையாக வரும் நேரம். ஒரு சாக்கைக் கொட்டிப் பிரிக்கும்போது, பழுப்பு அட்டை போட்டு 'இயற்பியல்' என்று லேபிள் ஒட்டிய புத்தகம் ஒன்று கையில் சிக்கியது. கைடுக்கு அது ரொம்ப மெல்லிசு. அட்டையைக் கழற்றினால், உள்ளே திருநங்கையான லிவிங் ஸ்மைல் வித்யா தன் வாழ்க்கையை எழுதிய 'நான் வித்யா'. பல பக்கங்களில் பென்சில் கோடு. ஓரிடத்தில் அழுத்திக் கோடு போட்டதில் தாளே கிழிந்திருந்தது.

அன்றைக்கு வியாபாரம் அப்படியே கிடந்தது. மொழியியலில் எம்.ஏ. படித்த ஒருவர், பெண்ணாக வாழ வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, புனே பக்கம் ரயிலில் கை நீட்ட வேண்டிவந்த கதை. இது கன்னடத்தில் படமாகி, அதில் நடித்த சஞ்சாரி விஜய் தேசிய விருதும் வாங்கியிருக்கிறார். ஓசூர் தாண்டினால் கர்நாடகம். அங்கே கொண்டாடிய கதை, எழுதப்பட்ட தமிழில் லேபிளுக்குப் பின்னால் ஒளிந்து என் தராசுக்கு வருகிறது. அதற்கு முன் இப்படி எத்தனை புத்தகத்தைப் பார்க்காமல் ஆலை லாரியில் ஏற்றினேனோ, நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம் தேட ஆரம்பித்தேன். எடைக்கு வந்ததில் கொஞ்சம், சேலம் போகும்போது வாங்கியது கொஞ்சம். சு. சமுத்திரத்தை 'வேரில் பழுத்த பலா'வுக்காக, 1990இல் சாகித்ய அகாதமி வாங்கியவர் என்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய 'வாடாமல்லி'யைப் படித்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்? அதில் திருநங்கையாக மாறும் சுயம்புவை என்னால் மறக்க முடியவில்லை. சில இடங்களில் உணர்ச்சி கூடிப்போகிறது, வெளியில் நின்று பரிவோடு பார்த்து எழுதியது தெரிகிறது. ஆனாலும் அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகையில் தொடராக அதை எழுத ஒரு நெஞ்சு வேண்டும். பெண்ணின் இயல்போடு வாழும் ஒரு ஆணைப் பற்றிய கி.ரா.வின் 'கோமதி' சிறுகதை அதற்கும் மூத்தது. கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' 1978லேயே ஆணுக்கும் ஆணுக்கும் உள்ள உறவை மூடி மறைக்காமல் பேசிவிட்டது. படிக்கச் சுகமான நாவல் இல்லை, ஆனால் பொய் இல்லாதது.

என்னைக் கேட்டால் முதலில் படிக்க வேண்டியது, திருநங்கையான ஏ. ரேவதி தன் வாழ்க்கையை எழுதிய 'வெள்ளை மொழி'. நாமக்கல் பக்கத்துக் கிராமம். வீட்டில் வாங்கிய அடி, ஓடிப்போனது, அம்மா ஞாபகத்தில் திரும்பி வந்தது, மறுபடி போனது எல்லாவற்றையும் நம் பக்கத்துப் பேச்சு வழக்கில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போலவே எழுதியிருக்கிறார். அந்த வாழ்க்கை 2010இல் ஆங்கிலத்தில் வந்த பிறகுதான் தமிழில் புத்தகமாகக் கிடைத்தது என்பது எனக்கு வருத்தம். அவரே பல திருநங்கைகளின் வாக்குமூலங்களைத் தொகுத்த 'உணர்வும் உருவமும்' 2005லேயே வந்திருக்கிறது. பிரியா பாபுவின் 'மூன்றாம் பாலின் முகம்', திருநங்கை ஒருவரே எழுதிய நாவல். தன்பால் ஈர்ப்புள்ள ஆணின் குரலில் கிரீஷின் 'விடுபட்டவை' இருக்கிறது. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகள் எழுதியதாக ஒன்றுகூட என் கடைக்கு வந்ததில்லை. தெரிந்தவர்கள் உங்கள் பக்கத்தில் எழுதினால் வாங்கிப் படிப்பேன்.

இவற்றைக் கடையில் தனி அலமாரியில் வைத்திருக்கிறேன். கல்லூரிப் பையன் ஒருவன் வாரத்துக்கு ஒருநாள் வருவான். தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே 'கோமதி'யைப் படித்து முடித்தான். "இதெல்லாம் தமிழ்ல இருக்காண்ணா?" என்றான். வேறு எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்து, படித்துவிட்டுக் கொண்டுவா என்றேன்.

நூலகத்தில் கிடைக்கும் என்று அவனை அனுப்பவும் முடியவில்லை. பக்கத்தில் ஒரு நூலகத்தில் நானே போய்க் கேட்டேன். "அதெல்லாம் பீரோவுக்குள்ள இருக்கு, பசங்க வர்ற இடம் பாருங்க" என்று பதில். எந்தப் பசங்களுக்கு அது வேண்டுமோ அவர்களிடமிருந்தே பூட்டி வைத்திருக்கிறார்கள்.

ஐயா, சித்திரை பிறந்தால் திருநங்கைகள் கூடும் கூவாகம் திருவிழாவுக்கு உங்கள் நாளிதழில் கலர் படம் வருகிறது. பூவும் பொட்டும் தாலியுமாக அரைப் பக்கம். அவர்கள் எழுதிய புத்தகத்துக்கு நான் கத்தரித்து வைத்திருக்கும் பக்கங்களில் ஒரு பத்தியைக்கூடக் காணோம். திருநங்கை, திருநம்பி, தன்பால் ஈர்ப்புள்ளவர் என எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் 'பால்புதுமையர்' என்ற சொல்லை 2022இல் தமிழக அரசே அரசிதழில் வெளியிட்டுவிட்டது. அந்தச் சொல்லைத் தலைப்பாக வைத்து, வரும் சித்திரையில் படத்தோடு நான்கு புத்தகங்களின் விவரமும் போடுங்கள். பதிப்பகம், விலை, எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். எங்கள் ஊரில் உள்ளவர்களுக்கு அதுதான் பெரிய உதவி.

'இயற்பியல்' லேபிள் ஒட்டிய அந்தப் பிரதி என் மேசை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. பழுப்பு அட்டையைத் திரும்பப் போட்டுவிட்டேன். அதை எடைக்குப் போட்டவர் இந்தக் கடிதத்தைப் பார்த்தால் கடைக்கு வரட்டும். காசு வேண்டாம், எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பழைய பேப்பர் கடைக்காரர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்