அந்தப் பெண்ணுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் காமிக்ஸ் விமர்சனத்தில், நாயகி பாலியல் வன்முறைக்கு ஆளாகும் பக்கங்களை ‘கதைக்குத் தேவையான அதிர்ச்சி’ என்று உங்கள் விமர்சகர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அடுத்த வரியிலேயே வண்ணங்களைப் பாராட்டப் போய்விட்டார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள். காமிக்ஸ் என்றாலே சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று பெற்றோர் புரட்டிக்கூடப் பார்க்காமல் வாங்கித் தருவார்கள். அப்படி ‘தி கில்லிங் ஜோக்’ என்ற பேட்மேன் காமிக்ஸைப் படித்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, “மிஸ், அந்தப் பெண்ணுக்கு அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டாள். 1988இல் வந்த அந்தக் கதையில் வில்லன் ஜோக்கர், காவல்துறை ஆணையரின் மகள் பார்பரா கார்டனைச் சுட்டு, ஆடையைக் களைந்து, படம் பிடிக்கிறான். எல்லாம் அவள் அப்பாவைப் பைத்தியமாக்க. மருத்துவமனையில் ஒரு காட்சி, அதோடு அவள் கதை முடிந்தது. அவளை ஆரக்கிள் என்ற பெயரில், சக்கர நாற்காலியில் இருந்தபடியே செயல்படும் அறிவாளியாக மீட்டெடுத்தவர்கள் காமிக்ஸ் எழுத்தாளர்களான கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் தம்பதி. அதுவும் வேறொரு தொடரில். அந்தப் பிள்ளை அதை எங்கே போய்த் தேடுவாள்?

2004இல் வந்த ‘ஐடென்டிட்டி கிரைசிஸ்’ கதையிலும் இதேதான். கொடுமை நடந்தது ஒரு ஹீரோவின் மனைவியான சூ டிப்னிக்கு. ஆனால் பக்கம் பக்கமாக விவாதம் நடப்பது, வில்லனின் நினைவை ஹீரோக்கள் அழித்தது சரியா தப்பா என்று. ஆண்களின் கதையை நகர்த்தப் பெண்களைச் சிதைப்பதை 1999இலேயே, பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளரான கெயில் சிமோன் பட்டியல் போட்டுக் காட்டினார். உங்களுக்குத் தெரியாததா?

திரையில் ஒரு காட்சி ஓடிவிடும். அச்சிட்ட கட்டம் அப்படியே நிற்கும். பையன்கள் சிலர் அந்த ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பத் திறந்து சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். தாக்குகிறவனின் தோளுக்குப் பின்னாலிருந்து வரைந்தால், படிக்கிற பிள்ளையும் அங்கேதான் நிற்கும். அதே கொடுமையை வீட்டில் அனுபவித்து, யாரிடமும் சொல்லாத பிள்ளையின் கையிலும் அந்தப் புத்தகம் போய்ச் சேரும். அந்தப் பிள்ளையை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இது முதல் தடவையும் இல்லை. சிறுவர் பகுதியை நிறுத்தினீர்கள், எழுதினேன். சிறுவர் சிறப்பிதழின் அட்டையில் கிழிந்த உடையோடு ஒரு நாயகியைப் போட்டீர்கள், எழுதினேன். இரண்டு கடிதங்களும் வெளியாகவில்லை. போகட்டும். ஆனால், இப்படிக் கேள்வி கேட்பவர்களை ‘ஒழுக்கக் காவலர்கள்’ என்று உங்கள் கட்டுரை ஒன்று அழைத்தது. அது வலித்தது ஐயா.

தடை கேட்கவில்லை. 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் கொண்டுவந்த காமிக்ஸ் விதி, பாலியல் வன்முறையைக் காட்டவும் கூடாது, குறிப்பால் உணர்த்தவும் கூடாது என்றது. அப்படி வாயை அடைத்தால் பாதிக்கப்பட்டவளும் பேச முடியாது. தந்தையின் கொடுமைக்குத் தப்பி ஓடும் சிறுமியைப் பற்றி பிரையன் டால்பட் ‘தி டேல் ஆஃப் ஒன் பேட் ராட்’ வரைந்தார். அதில் கதை கடைசிவரை அவளுடையதாகவே இருக்கிறது. இந்த வித்தியாசத்தைத்தான் உங்கள் விமர்சகரிடம் எதிர்பார்த்தேன்.

இனி காமிக்ஸ் விமர்சனம் எழுதினால், எந்த வயதுக்கானது, பாலியல் வன்முறைக் காட்சி உண்டா என்று கீழே ஒரு வரி போடுங்கள். அடுத்த இதழிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி