ஏ.சி.க்கு முன்னால் ஒரு வேலை

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்துவிட்டது. சின்னவன் நம் பத்மா டீச்சர் மாதிரியே எதற்கெடுத்தாலும் மூக்கைச் சுளிக்கிறான். அதெல்லாம் நேரில் பேசலாம். சித்திரைக்குள் கும்பகோணம் வீட்டில் உன் அம்மா அறைக்கு ஏ.சி. போடப் போவதாகச் சொன்னாயே, அதைக் கொஞ்சம் நிறுத்தி வை. முதலில் வீட்டுப் பழைய வயரிங்கை மாற்ற வேண்டும்.

போன வாரம் எங்கள் அம்மாவுக்கு ஃப்ரிட்ஜில் ஷாக் அடித்துவிட்டது. தூக்கிப் போட்டு, கை மரத்ததோடு தப்பினாள். இப்போது நன்றாக இருக்கிறாள். வயர்மேன் வந்து பிளக் பாயிண்டைக் கழற்றிக் காட்டினார். மூன்று ஓட்டை இருக்கிறதே தவிர, கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் வயரே வீட்டுக்குக் கிடையாது. பழைய வயரிங்கில் மின்சாரம் வருகிற ஃபேஸ், அது திரும்பிப் போகிற நியூட்ரல் என்று இரண்டு வயர்தானே! யாரோ எர்த் முனையை நியூட்ரலோடு ஒரு துண்டு வயரால் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை எதுவும் தெரியாது. அன்றைக்கு மெயின் போர்டில் நியூட்ரல் பக்கத்துப் பீங்கான் ஃபியூஸ் போயிருக்கிறது. லைட் எரியவில்லை, ஃப்ரிட்ஜ் ஓடவில்லை. கரண்ட் இல்லை என்று நினைத்துத்தான் அம்மா கதவைத் தொட்டாள். ஆனால் ஃபேஸில் வந்த மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல், அந்தத் துண்டு வயர் வழியாக ஃப்ரிட்ஜின் உடம்பு முழுக்க ஏறி நின்றிருக்கிறது. நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை எனக்கு.

உங்கள் வீடும் அதே காலத்தது. மரச்சட்டத்தில் தகரக் கிளிப் அடித்து ஓடுகிற கறுப்பு ரப்பர் வயர், உங்கள் கூடத்து உத்தரத்தில் நானே பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அதை லேசாக மடித்ததுமே ரப்பர் பொலபொலவென்று உதிர்ந்து கம்பி வெளியே தெரிந்தது. ஃபேனுக்கும் குண்டு பல்புக்கும் போட்ட வயர் அது. 2,000 வாட் கீசர் ஒன்றே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதோடு ஏ.சி.யும் சேர்ந்தால் என்ன ஆகும்?

லோடு கூடினால் தானாக விழுகிற சுவிட்ச் இருக்கிறதே, அந்த எம்.சி.பி.யை மாற்றினாலே போதும் என்கிறானாமே உன் தம்பி? நல்ல பிள்ளைதான், ஆனால் எட்டாம் வகுப்பிலிருந்தே அவனுக்கு எல்லாம் பாதியில் போதும்! எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆளைக் கொல்கிற அளவு மின்சாரம் அதன் கணக்கிலேயே வராது. அதற்கு மின்கசிவைக் கண்டுபிடிக்கிற சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் அந்த அளவுக்கு வேறுபட்டால் நொடியில் அணைத்துவிடும்.

தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவரை உடைக்க வேண்டுமே என்றுதானே தயங்குகிறாய்? காடி வெட்டவே வேண்டாம். உத்தரத்தை ஒட்டி பி.வி.சி. கேசிங், அதாவது மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டை போட்டு, அதற்குள் புது வயர் இழுக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறார்கள், அசிங்கமாகவே இல்லை. வயரின் கனம் லைட்டுக்கு 1.5, பெரிய பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்குத் தனியாக 4 ஸ்கொயர் எம்.எம்., எல்லாமே காப்பர். எர்த் குழியைக் கிணற்றடி ஓரமாக, ஈரம் நிற்கிற இடத்தில் எடுக்கச் சொல். கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றவும் மறக்கக் கூடாது.

எங்கள் வயர்மேன் லைசென்ஸ் உள்ளவர், நிதானமானவர். இங்கே வேலை முடிந்ததும் அனுப்பி வைக்கட்டுமா? உன் தம்பியிடம் நானே பேசுகிறேன். அதுவரை, கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ், கிரைண்டர் எதையும் தொடாமல் முதலில் மெயினை அணைக்கும்படி அம்மாவிடம் இன்றே சொல்லிவிடு.

அன்புடன்,
கோமதி