ஒப்புகை அட்டை என்னிடம் இருக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேசிய மனித உரிமை ஆணையத்தின் சட்டத்தைத் திருத்தி அதற்குப் பல் கட்ட வேண்டும் என்று சென்ற இதழில் தலையங்கம் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். நடுவே, 'பாதிக்கப்பட்டவர்கள் உரிய காலத்தில் புகார் கொடுக்க முன்வருவதில்லை' என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் அண்ணன் மகனை விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். இரண்டு நாள் கழித்து நொண்டிக்கொண்டு வந்தான். அந்த வாரமே மனித உரிமை ஆணையம் ஒன்றுக்குப் பதிவுத் தபாலில் மனு போட்டேன். (எந்த ஆணையம், எந்த ஸ்டேஷன் என்று எழுதினால் வெட்டிவிடுவீர்கள்.) ஏழு மாதம் கழித்து, 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது, கோப்பு முடிக்கப்பட்டது' என்று ஒரு தாள் வந்தது. அப்புறம் ஸ்டேஷனிலிருந்து போன். போய்ப் பார்த்தால் மேஜையில் என் மனு! மடித்த இடத்தில் கசிந்த நீல மை, ஓரத்தில் மேலதிகாரி ஆபீஸ் முத்திரை. விசாரிக்கப்போகிறவர் அடித்தவரேதான். "கையெழுத்து முத்து முத்தா இருக்கே பெரியவரே" என்றார். மறுபடி ஆணையத்துக்கு எழுதினேன். சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டிவிட்டதாம்.

மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு உங்களுக்குத் தெரியாததா? ஓராண்டு போனால் விசாரணை இல்லை என்று 1993-இல் போட்ட பூட்டு இன்றும் தொங்குகிறது. 2019-இல் திருத்தியவர்கள் தலைவரின் பதவிக்காலத்தை 5 ஆண்டிலிருந்து 3 ஆகக் குறைத்தார்கள், இதைத் தொடவில்லை. ராணுவத்தின் மீது புகார் என்றால் மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பரிந்துரை செய்வதோடு சரி. ஆணையத்துக்காகப் புலனாய்வு செய்கிறவர்களும் போலீஸ்காரர்களே. போலீஸ் மீதான புகாரைப் போலீஸ் விசாரிக்கும். நாங்கள் உரிய காலத்தில் முன்வர வேண்டும்!

மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொன்னபோது நீங்கள் ஒதுக்கியது ஒரு மூலை. நடுப்பக்கத்தில் நடிகர் வீட்டுப் புதுமனை புகுவிழா. மனித உரிமை நாளான டிசம்பர் 10 வந்தால் மட்டும் சிறப்பிதழ். போன வருஷம் இதைப் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதம் நான்கு வரியாக வந்தது. அதிலும் 'ஆணையம்' 'ஆணையர்' ஆகியிருந்தது.

சரி, தலையங்கத்தைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. தேசிய ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் கிடையாது, ஓராண்டுக்குள் எழுத வேண்டும். இவ்வளவையும் அடுத்த இதழில் ஒரு பெட்டிக்குள் போடுங்கள். விளம்பரம் வந்து இடம் போதவில்லை என்றால் என் கடிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர்
(பெயர், ஊர் போட வேண்டாம். அண்ணன் மகன் இன்னும் இங்கேதான் இருக்கிறான்.)