கோரிக்கை மனு: நெல்மண்டித் தெரு பின்சந்தில் மாலை நேரத்தில் அடுப்பு மூட்ட வழி செய்து தர வேண்டுதல்

அனுப்புநர்
நெல்மண்டித் தெரு பின்சந்துக் குடும்பங்களின் சார்பாக,
அதே சந்தில் தையல் தொழில் செய்து வாழும் குடும்பத் தலைவி.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: குடியிருப்புப் பகுதியில் உரிமமின்றி வீட்டு உபயோக சிலிண்டரிலிருந்து சிறிய சிலிண்டர்களுக்கு எரிவாயு மாற்றப்படுவது – முன்பு அளித்த மூன்று மனுக்களின் மீது நடவடிக்கை இல்லாமை – தங்களின் நேரடித் தலையீடு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற ஐப்பசி மழையில் எங்கள் தெருச் சாக்கடை பொங்கி வீடுகளுக்குள் புகுந்தபோது, நெல்மண்டி முனையில் காரை நிறுத்திவிட்டு முழங்கால் தண்ணீரில் பின்சந்து வரை தாங்கள் நடந்து வந்ததை நாங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆகவே இடத்தைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்று தாங்கள் நின்று பேசிய சிறுபாலத்துக்கு இடப்புறம், அங்கன்வாடிச் சுவரை ஒட்டி, கேஸ் அடுப்பு பழுதுபார்க்கும் கடை என்று பலகை மாட்டியுள்ள கட்டடத்தைப் பற்றியதே இம்மனு. இது குறித்து ஆடி மாதம் வட்ட வழங்கல் அலுவலகத்திலும், புரட்டாசியில் காவல் நிலையத்திலும், தை பிறந்ததும் தங்கள் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெற்றிருக்கிறோம். அவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

1. மேற்படி கடையின் முன்பக்கத்தில் அடுப்பு பழுதுபார்க்கப்படுவது உண்மை. பின்பக்கத் தகரக் கொட்டகையில், 14.2 கிலோ வீட்டு உபயோக சிலிண்டர்களிலிருந்து ரப்பர் குழாய் மாட்டி, இரண்டு கிலோ, மூன்று கிலோ பிடிக்கும் குட்டி சிலிண்டர்களுக்கு வாயு மாற்றி விற்பதும் உண்மை. வேலை முடிந்து வருபவர்கள் வாங்கிச் செல்ல வசதியாக மாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஏழரை வரை இது நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நேரக் கணக்கே கிடையாது.

2. ஒவ்வொரு குட்டி சிலிண்டரும் நிரம்பும்போது கொஞ்சம் வாயு வெளியே விடப்படுகிறது. அது புகையைப் போல மேலே போய்விடுவதில்லை. சமையல் எரிவாயு காற்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கனமானது என்பதால், தண்ணீரைப் போலவே தாழ்வான இடம் தேடித் தரையோடு தரையாகப் போகும். கொட்டகையின் தரை உயரத்தில் இருக்கிறது. எங்கள் ஆறு வீடுகளின் அடுப்படித் தூம்பு தாழ்வில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தாங்கள் பார்த்த அதே மூடாத சாக்கடை ஓடுகிறது. மழையில் தண்ணீர் வந்த வழியில் இப்போது தினமும் வாயு வருகிறது.

3. எங்களை அன்றாடம் வதைப்பது எது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் எங்கள் சந்தில் யாரும் நெருப்புப் பற்றவைப்பதில்லை. முதல் நாள் நாற்றம் வந்தபோது எங்கள் சிலிண்டரில்தான் கசிவு என்று நினைத்து, ஏஜென்சியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் ரெகுலேட்டர், டியூப், வால்வு எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழி கூட வரவில்லை. பிறகு தூம்பருகே குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்து, “அம்மா, இந்த நேரத்தில் அடுப்பைத் தொடாதீர்கள், ஸ்விட்சையும் போடாதீர்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இரவுச் சமையலைப் பகல் இரண்டு மணிக்கே முடித்துவிடுகிறோம். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு ஒரு வாய் டீ போட்டுத் தர முடியாது. பக்கத்து வீட்டில் பிறந்து ஐந்து மாதமான குழந்தைக்கு வெந்நீரை பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துக்கொண்டு, அது ஆறிவிடுமோ என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள் அந்தப் பெண். நான் தையல் மெஷினுக்கு மோட்டார் வாங்கி இன்னும் தவணை கட்டி முடியவில்லை; அதில் பொறி பறக்கும் என்பதால் கழற்றி வைத்துவிட்டுப் பழையபடி காலால் மிதிக்கிறேன், அதுவும் வெளிச்சம் இருக்கும் வரைதான். இருட்டிய பிறகு லைட் போடப் பயந்து, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் போய் உட்கார்ந்து படிக்கிறாள்.

என் மாமியாருக்கு 78 வயது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல் அந்தி விளக்கு ஏற்றாமல் அவர் இருந்ததில்லை. இப்போது திரி போட்டு, எண்ணெய் ஊற்றி, விளக்கின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, “இப்ப ஏத்தலாமாடி?” என்று கால் மணிக்கு ஒருமுறை கேட்கிறார். மறதி வந்துவிட்ட வயது. ஒருநாள் கேட்காமலே ஏற்றிவிடுவாரோ என்ற பயத்தில் தீப்பெட்டியைத் தையல் மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். பெற்ற தாயைப் போன்றவரிடம் தீப்பெட்டியை ஒளித்து வைத்து வாழ்கிற வாழ்க்கையை, ஐயா, எந்த மனுவில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

4. அந்தக் கொட்டகைக்கும் அங்கன்வாடிக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர்.

5. எங்கள் ஆடி மாத மனுவுக்கு, “நேரில் விசாரணை செய்யப்பட்டது, புகாரில் கூறியவாறு ஏதும் நடைபெறவில்லை எனத் தெரியவருகிறது” என்று இரண்டு வரியில் பதில் வந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் வந்தது காலை பதினொரு மணிக்கு. காலை பதினொரு மணிக்கு வந்தால் அது அடுப்புக் கடைதான்! மாலை ஐந்துக்கு மேல் நடப்பதாக மனுவில் மூன்று இடத்தில் எழுதியிருந்தோம். படித்தார்களா என்று கேட்பது மரியாதையாக இராது. பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை, எங்களில் ஒருவரைக் கூட அழைத்துக் கேட்கவில்லை. ஆனால் மனு கொடுத்தவர் யார் என்பது மட்டும் அன்று சாயங்காலமே கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. காவல் நிலையத்தில் இது வழங்கல் துறை வேலை என்றார்கள். வழங்கல் அலுவலகத்தில் காவல் துறை துணைக்கு வந்தால்தான் போக முடியும் என்றார்கள். குறைதீர் கூட்ட மனுவோ, சுற்றிச் சுற்றி அதே வழங்கல் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது. நாங்கள் படித்தவர்கள் அல்ல. ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். 2000ஆம் ஆண்டின் எரிவாயு வழங்கல் ஒழுங்குமுறை ஆணைப்படி, வழங்கல் துறையில் ஆய்வாளர் நிலைக்குக் குறையாத, அதிகாரம் பெற்ற அலுவலரே உள்ளே சென்று சோதனையிட்டுக் கைப்பற்றலாம். கைப்பற்றியதைப் பறிமுதல் செய்ய, 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் 6ஏ பிரிவில் மாவட்ட ஆட்சியருக்கே அதிகாரம் தந்திருக்கிறது. அப்படியிருக்க இது யார் வேலை என்று ஆறு மாதமாக எங்களை அலைய விடுவது நியாயமா?

6. குட்டி சிலிண்டர் வாங்க வருகிறவர்கள் மீது எங்களுக்குக் கோபமில்லை. மில்லிலும் கட்டட வேலையிலும் உழைத்துவிட்டு, ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கி, கஞ்சி வைத்துக் குடிக்கிறவர்கள். முகவரிச் சான்று இல்லை என்று முறையான இணைப்பு கிடைக்காதவர்கள். அடையாளச் சான்று மட்டும் காட்டினால் எண்ணெய் நிறுவனங்களே 5 கிலோ சிலிண்டரை முறைப்படி தருகின்றன என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் எங்கள் பகுதியில் அது கிடைக்கும் இடம் அருகில் இல்லை. முறையான ஆலையில் நிரப்பும்போது எடை போட்டு, திரவம் சூட்டில் விரிவதற்கு ஏறத்தாழ 15 சதவீதம் இடம் விட்டு, வால்வில் கசிவு சோதித்து அனுப்புகிறார்கள். இங்கே கையால் தூக்கிப் பார்த்து ‘நிரம்பிடுச்சு’ என்கிறார்கள். விளிம்பு வரை நிரம்பிய அந்த சிலிண்டர் பங்குனி வெயிலில் தகரக் கூரைக்கடியில் என்ன ஆகும்? 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையம் அருகே நின்ற சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறி ஏற்றிவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் கருகியதை நாடே பார்த்தது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரம் மாவட்டம் தேவரியம்பாக்கத்து சிலிண்டர் கிடங்கில் பற்றிய தீயையும் பார்த்தோம். இரண்டு இடத்துக்கும் அதிகாரிகள் அன்றே வந்தார்கள். எங்கள் சந்துக்கும் அப்படித்தான் வர வேண்டுமா, ஐயா?

எழுத்தில் மரியாதை குறைந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

7. ஆகவே, தாங்கள் கருணை கூர்ந்து, அந்தக் கொட்டகையை மாலை ஐந்து மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில், முன்னறிவிப்பு இல்லாமல், வழங்கல், காவல், தீயணைப்பு மூன்று துறையினரும் ஒன்றாக வந்து சோதனையிட ஆணையிட வேண்டும். கைப்பற்றும் சிலிண்டர்களை ஒரு இரவு கூட அங்கேயே வைக்காமல் உரிய எரிவாயுக் கிடங்குக்கு அன்றே அகற்ற வேண்டும். பெட்டிக்கடை, பெட்ரோல் பங்க் என எங்கள் பகுதியில் ஏதாவது ஓரிடத்தில் 5 கிலோ சிலிண்டர் முறைப்படி கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் இந்தக் கொட்டகையை மூடினாலும் இன்னொரு கொட்டகை முளைக்கும். சாக்கடைக்கு மூடி போடுவதாக ஐப்பசியில் தாங்கள் சொன்னதையும் நினைவூட்டுகிறேன். ஆனால் கொட்டகை இருக்கும்போது மூடி போட்டால் வாயு உள்ளேயே தேங்கும் என்பதால், கொட்டகையை அகற்றிய பிறகே மூடி போட வேண்டும். மனு கொடுத்தவர்கள் விவரம் இம்முறையாவது கடைக்குப் போகாமல் இருக்க வேண்டும்.

வரும் அலுவலர்கள் முன்வாசல் வழியாகப் போக வேண்டாம். அங்கு மணி அடித்தால் உள்ளே எல்லாம் நின்றுவிடும். சிறுபாலத்தில் இறங்கி, எங்கள் வீட்டுப் பின்கதவு வழியாகவே வரலாம். கதவைத் திறந்து வைத்திருப்பேன். வருகிறவர்கள் கைப்பேசியை அணைத்துவிட்டு வர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மாலையில் ஒரு அடுப்பும் ஒரு விளக்கும் பயமின்றி ஏற்ற வழி செய்து தருமாறு மீண்டும் மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நெல்மண்டித் தெரு பின்சந்துக் குடும்பங்கள்
(ஆறு வீட்டார் கையொப்பமும், ஒரு கைநாட்டும் பின்பக்கத்தில்)